வீட்டை வடிவாகப் பார்க்கப் படிக்கிறேன்

கிளிநொச்சி ரவுணில் ஒரு ஹாட்வெயார் கடையில் நான் ஐந்து வருடம் பில் எழுதினேன். சீமெந்து, கம்பி, ஆணி, பைப் என்று வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும். ஒரு கேள்விக்கு மட்டும் தெரியாது. பெயின்ற் வாங்க வருகிறவர்கள், அதிலும் பெண்கள், கலர் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு "பிள்ளை, ஹோலுக்கு இதில எது வடிவாயிருக்கும்?" என்று கேட்பார்கள். நானும் ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டுவேன், அவர்களும் நம்பி வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி நான் காட்டிய ஒரு பச்சையை அடித்த அம்மா ஒருவர் ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. "அந்தச் சின்னத் துண்டில நல்லாத்தான் இருந்தது பிள்ளை, சுவரில அடிச்சாப்பிறகு ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்று மட்டும் சொன்னார். சேர்த்துச் சேர்த்து வைத்த காசில் அடித்த பெயின்ற். அடுத்த ஐந்தாறு வருடம் அவர் அந்தப் பச்சைக்குள்தான் இருக்க வேண்டும். அது எனக்கு மனதிலேயே நின்றுவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும், வீட்டின் உட்புறத்தை ஒழுங்கமைக்கிற உள்ளக வடிவமைப்பைப் படிக்கிறேன். தீப்பெட்டி அளவுத் துண்டில் பார்க்கிற நிறம் நான்கு சுவரிலும் பரவும்போது ஒரு சுவரின் நிறம் மற்றச் சுவரில் பட்டுத் தெறித்து இன்னும் கடுமையாகும். அதோடு கடைக்குள் எரிகிற வெளிச்சம் வேறு, அவருடைய ஹோலில் எரிகிற வெளிச்சம் வேறு. எங்கள் பக்கத்தில் அநேகமான வீடுகளில் பெட்டியில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் காட்டுகிற அளவு) என்று போட்டிருக்கிற, நீலம் சாய்ந்த வெள்ளை எல்இடி பல்ப்தான் எரிகிறது. அதன் கீழே வெளிறிய பச்சை இன்னும் குளிர்ந்துபோய்த் தெரியும். கடைத் தட்டில் அதற்குப் பக்கத்திலேயே 3000 கெல்வின் என்று மஞ்சள் சாய்ந்த பல்ப் இருக்கும், அதை மாற்றிப் போட்டிருந்தாலே பாதிப் பிரச்சினை போயிருக்கும். ஐந்து வருடமாக இரண்டு பெட்டியையும் என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அந்த இலக்கம் எதற்கென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

2021 கடைசியில்தான் உள்ளக வடிவமைப்பு என்ற படிப்பை வீட்டில் இருந்தே இணையத்தில் படிக்கலாம் என்று தேடித் தெரிந்துகொண்டேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, ஆனால் நான் உயர்தரம் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது, எடுத்ததும் கலைப்பிரிவு. கொழும்பில் தனியார் வகுப்புகள் இருக்கின்றன. அங்கே போய் அறை எடுத்து நின்று படிக்க வசதியில்லை, அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. நாங்கள் இருப்பது அக்கராயன் பக்கம், கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். சரி, முதலில் இலவசமாகப் பார்ப்போம் என்று இரண்டு மாதம் யூடியூபில் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். இதைத் தொடங்க நினைக்கிற எவரும் அப்படிச் செய்ய வேண்டும் என்பேன். இரண்டு மாதம் பார்த்த பிறகும் இன்னும் பார்க்க வேண்டும் போல இருந்தால் மட்டும் காசைக் கட்டுங்கள்.

நான் கட்டியது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் டிப்ளோமா. பன்னிரண்டு பகுதி, ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு ஒப்படை, அதைத் திருத்த ஒரு ஆசிரியர். கட்டணம் டொலரில், மூன்று தவணை. முதல் தவணையை 2022 ஜனவரியில் கட்டினேன், அப்போது ஒரு டொலர் 200 ரூபாயளவில் நின்றது. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த பிடியை விட்டது, மே மாதம் எனது இரண்டாவது தவணை வரும்போது டொலர் 350ஐத் தாண்டியிருந்தது. ஒரே தொகைதான், எனக்கு மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு. அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்துத்தான் அதைக் கட்டினேன். கடிதம் எழுதிக் கேட்டேன், தவணை நாளை இரண்டு கிழமை தள்ளித் தந்தார்கள், அவ்வளவுதான். இங்கிருந்து வெளிநாட்டுப் படிப்புக்குப் பதிகிறவர்கள் கட்டணம் எந்த நாட்டுக் காசில் என்பதையும், இடையில் நிறுத்தினால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு ஆங்கிலம். நான் தமிழ்மொழி மூலம் படித்தவள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தெரியாத சொல் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். பாதிச் சொல் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதைக் கண்டபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை. மேலே இருந்து பார்க்கிற படம் பள்ளிக்கூடத்தில் கீறிய கிடைப்படம். முன்னால் நின்று பார்க்கிறது நிலைப்படம். மேசன்மாரும் ஓடாவிமாரும் கதைக்கிற நிலை, படி, வளை, தீராந்தி, குந்து, விறாந்தை எல்லாம் பாடத்தில் ஆங்கிலப் பெயரோடு வந்தன. அதற்குப் பிறகு பயம் குறைந்தது. வீடியோக்களை இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு, இரவு டேட்டாவில் இறக்கி வைத்துவிட்டு அடுத்தநாள் பார்ப்பேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒழுங்காக வராது, கிணற்றடிக்குப் போனால் வரும்.

முதல் இரண்டு பகுதியும் நிறமும் அடிப்படைகளும். பன்னிரண்டு நிறச் சக்கரம், எதிரெதிர் நிறங்கள், பக்கத்துப் பக்கத்து நிறங்கள், ஒரு அறையில் ஒரு நிறம் 60 வீதம், இன்னொன்று 30, மூன்றாவது 10 என்கிற கணக்கு. இந்தக் கணக்கை வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை, ஆனால் தொடங்குகிறவருக்குப் பிடித்துக்கொள்ள நல்ல கைத்தடி. ஒப்படைக்குத் துணித்துண்டு, பெயின்ற் துண்டு, தரைத் துண்டு எல்லாம் சேர்த்து ஒரு அட்டையில் ஒட்ட வேண்டும். பாடத்தில் தளபாடக் காட்சியறைக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லியிருந்தது. நான் தையல்காரி அக்காவிடம் வெட்டுத்துண்டு வாங்கினேன், உடைந்த ஓட்டுத்துண்டு, சாக்கு, பன்பாயின் ஓரம், சாயம் போட்ட பனையோலைப் பெட்டியின் மூடி, முற்றத்து மண்ணைப் பசையில் குழைத்துப் பூசிய ஒரு காகிதம். அனுப்பிய அட்டைகளிலேயே அதற்குத்தான் ஆசிரியர் நிறைய எழுதினார். பனையோலைப் பின்னலைப் பற்றி மட்டும் மூன்று கேள்வி கேட்டிருந்தார்.

மூன்றாவது பகுதி வெளிச்சம். அதில் நான் ஒரு கிழமை மாட்டிக்கொண்டு நின்றேன். வடக்குப் பார்த்த அறைக்கு வெயில் விழாது, வெளிச்சம் குளிர்ந்தது, ஆகவே மஞ்சள், தவிட்டு நிறம் போலச் சூடான நிறங்களை அடியுங்கள் என்று இருந்தது. தெற்குப் பார்த்த அறைதான் அதிர்ஷ்டமான அறையாம். எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டு வடக்கு அறையில் ஜூன் மாதம் யன்னலுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது, வெயில் உள்ளே வரும். பாடம் பிழையா, நான் திசையைப் பிழையாக விளங்கிவிட்டேனா என்று இரண்டு நாள் குழம்பி, பிறகு சூரியன் போகிற பாதையைத் தேடிப் படித்தேன். பாடம் எழுதியவர்கள் இருப்பது லண்டன் பக்கம், வட அகலாங்கு 51 பாகை. அங்கே மத்தியானச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும். நாங்கள் இருப்பது 9 பாகைக்குக் கொஞ்சம் மேலே. சித்திரை வருடப்பிறப்பையொட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வந்து, அங்கிருந்து வடக்குப் பக்கம் போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பத் தலைக்கு மேல் வரும். அந்த நாலரை மாதமும் எங்கள் வடக்குச் சுவருக்குத்தான் வெயில். மற்ற மாதங்களில் தெற்கே சாயும், மார்கழியில்தான் ஆகக் கூடச் சாய்ந்து நிற்கும். ஆக எங்களுக்கு எந்தத் திசையும் முழுக் குளிரும் இல்லை, முழு வெயிலும் இல்லை. உண்மையான எதிரி மேற்குச் சுவர். பின்னேரம் தாழ்ந்து வருகிற வெயிலை எந்தக் கூரை நீட்டாலும் மறைக்க முடியாது. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த சீமெந்துக் கல்லு இரவு பத்து மணி வரை அதைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும்.

ஆனால் வைகாசி தொடக்கம் சோளகக் காற்று வருவதும் அந்தப் பக்கமாக, தென்மேற்கில் இருந்துதான். மேற்கு யன்னலை மூடினால் காற்றும் போய்விடும். இதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை, அம்மம்மா சொன்னார். அவர்களுடைய பழைய மண்வீட்டில் மேற்குப் பக்கம் யன்னலுக்கு வெளியே ஒரு கிடுகுத் தட்டி இரண்டு முழம் தள்ளிக் கட்டியிருந்ததாம், வெயில் தட்டியில் படும், காற்று இடுக்கால் வரும். நான் அதைக் கீறி, அளவு போட்டு, பனையோலைத் தட்டியாக மாற்றி, வாடைக்காற்றும் மழையும் தொடங்குகிற ஐப்பசியில் கழற்றி வைக்கிற மாதிரிக் கொக்கி போட்டு ஒப்படையாக அனுப்பினேன். வடக்கு வெளிச்சத்தைப் பற்றி என் கேள்வியையும் எழுதினேன். ஆசிரியர் பதில் எழுத மூன்று கிழமை எடுத்தது, அது எப்போதும் அப்படித்தான், இந்தப் படிப்பில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறையே அதுதான். ஆனால் அன்றைக்கு வந்த பதில் நேர்மையான பதில். தான் இதை இவ்வளவு நாளும் யோசித்ததில்லை என்றும், மற்ற மாணவர்களுக்கும் காட்டலாமா என்றும் கேட்டிருந்தார். அந்தத் தட்டி இப்போது எங்கள் அறை யன்னலில் இருக்கிறது.

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அதற்கு முன்னும் பின்னும் கிழமைக்கணக்காக ஐந்து மணித்தியாலம், ஏழு மணித்தியாலம். எனது லப்டொப்பின் பற்றரி நாற்பது நிமிடம் கூட நிற்காது. கடையிலும் வேலை குறைவு, பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. அந்த மாதங்களில்தான் நான் உண்மையில் படித்தேன் என்று நினைக்கிறேன். கணினியில் கீற முடியாததால் பென்சில், அடிமட்டம், ஒரு ஐந்து மீற்றர் ரேப்போடு எங்கள் வீட்டை அளக்கத் தொடங்கினேன்.

சும்மா சொல்லக்கூடாது, பதினெட்டு வருடம் இருந்த இடத்தில் கூட மனிதர் எதையும் பார்ப்பதில்லை, இது நாங்கள் ஒன்பது வருடம் இருந்த வீடு. அளக்கும்போதுதான் கதவு நிலை ஒரு பக்கம் அரை அங்குலம் சரிந்திருப்பது தெரிந்தது, இரண்டு அறையும் ஒரே அளவென்று நினைத்திருந்தது பிழை என்று தெரிந்தது. மேசன்மாருக்கு அடி, அங்குலம். பாடத்துக்கு மில்லிமீற்றர். ஒரு அடி 304.8 மில்லிமீற்றர், 1க்கு 50 என்று கீறினால் காகிதத்தில் இரண்டு சென்ரிமீற்றர் ஒரு மீற்றர். அப்படியென்றால் எங்கள் பத்து அடிச் சுவர் காகிதத்தில் 61 மில்லிமீற்றர். முதல் படம் கீறி முடிக்க நான்கு நாள் எடுத்தது. மூலைக்கு மூலை அளக்க மறந்ததால் சுவர்கள் காகிதத்தில் ஒன்றோடொன்று சேரவில்லை. அறையை அளக்கும்போது நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும், அப்போதுதான் அறை சதுரமா சரிவா என்று தெரியும். பக்கத்து வீட்டு ஐயா வேலியால் எட்டிப் பார்த்து "என்ன பிள்ளை, வீட்டை விக்கப் போறியளோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, வடிவாப் பாக்கிறன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை யோசித்தேன். எங்களுக்கு வடிவு என்றால் அழகு. வடிவாகச் செய் என்றால் ஒழுங்காகச் செய், வடிவாகக் கேள் என்றால் கவனமாகக் கேள். நான் படிக்கிறதன் பெயரும் வடிவமைப்பு. அலங்காரம் என்று நினைத்துத்தான் பதிந்தேன், அந்தச் சொல்லுக்குள் கவனம் என்ற கருத்தும் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்கள் வீடு, போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 2013இல் கட்டியது. 550,000 ரூபாய், வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக வங்கிக் கணக்குக்கு வந்தது. கிட்டத்தட்ட 550 சதுர அடி, இரண்டு அறை, ஹோல், குசினி, முன்னுக்கு ஒரு சின்ன விறாந்தை. தறப்பாள் கொட்டிலில் நான்கு வருடம் இருந்துவிட்டு அந்த வீட்டுக்குள் போன முதல் இரவு நானும் அம்மாவும் நித்திரை கொள்ளவில்லை, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே அந்த வீட்டில் குறை கண்டுபிடிப்பது எனக்குச் சுலபமாக வரவில்லை. ஆனால் வடக்கு கிழக்கில் அந்தத் திட்டத்தில் மட்டும் 46,000 வீடுகள், எங்கள் வீட்டைப் போன்ற அளவில். இந்தப் படிப்பு காசுக்காரருக்குத்தானே, வன்னியில் இதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த எண்ணிக்கையைத்தான். எங்கள் குசினியில் ஒரு பிரச்சினைக்கு வழி கண்டால் அது இன்னொரு வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். நடக்க இடமில்லாத 550 சதுர அடிக்குத்தான் யோசித்து வைத்த வடிவமைப்பு கூடுதலாகத் தேவை, பெரிய வீட்டில் பிழைவிட்டால் அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

குசினியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பாடத்தில் 1926ஆம் ஆண்டுக் குசினி ஒன்று வந்தது. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரசபை அப்போது தொழிலாளர் குடும்பங்களுக்கு வீட்டுத்திட்டம் கட்டியது, அந்த வீடுகளுக்குக் குசினி வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கிற குசினியைப் பார்த்து, ஒரு பெண் சமைக்கும்போது எங்கெங்கே நடக்கிறாள், எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்கெடுத்து, 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர் இடத்துக்குள் எல்லாவற்றையும் கைக்கு எட்ட வைத்தார். பத்தாயிரம் வீடுகளளவில் அந்தக் குசினி போடப்பட்டது. வீட்டுத்திட்டம் என்ற சொல்லை ஜெர்மனியில், நூறு வருடத்துக்கு முன்னால் கண்டது எனக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

நானும் அம்மாவின் காலடியை எண்ணினேன். காலையில் பிட்டும் சம்பலும். எங்களுக்கு வீட்டுக்குள் ஒரு குசினி, 7 அடிக்கு 9 அடி, அதில் காஸ் அடுப்பு. பின்னுக்கு ஒரு கொட்டில், அதில் விறகு அடுப்பு. காஸ் கிடைக்காத அந்த வருடத்தில் சமையல் முழுக்கக் கொட்டிலில்தான், அதற்கு முன்னும் பாதி அங்கேதான். மா குசினியில், நீத்துப்பெட்டி குசினியில், உப்பு குசினியில், தண்ணீர்க் குடம் விறாந்தையில், துருவலை கொட்டிலில். அம்மா ஒன்பது தரம் கொட்டிலுக்கும் குசினிக்கும் போய் வந்தார், மொத்தம் 214 காலடி. பாடத்தில் அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, குளிர்சாதனப்பெட்டி மூன்றையும் இணைக்கிற முக்கோணம் ஒன்று சொல்லித் தந்திருந்தார்கள், மூன்று பக்கமும் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமல் 26 அடிக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று. எங்கள் முக்கோணத்தின் ஒரு மூலை வீட்டுக்கு வெளியே இருக்கிறது, இன்னொரு மூலையில் அம்மா நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் துருவுகிறார். அந்தக் கணக்கை அப்படியே வைத்தால் ஒன்றும் சரிவராது. ஆனால் எண்ணிப் பார்க்கிற பழக்கத்தை அதில் இருந்துதான் எடுத்தேன். கொட்டில் சுவரில் இறுக்கமான மூடியோடு நான்கு டப்பா வைக்க ஒரு தட்டும், குடம் வைக்க ஒரு கல்லுத்திட்டும் போட்டோம். பலகை கடையில் மிச்சமாகக் கிடந்தது. அடுத்த கிழமை எண்ணினேன், 120. அம்மா எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "முழங்கால் நோ கொஞ்சம் குறைவாக் கிடக்கு" என்றார்.

பிறகு உயரம். குசினித் திட்டை மேசன் அண்ணை வழக்கமான மூன்று அடிக்குக் கட்டியிருந்தார். அம்மாவின் உயரம் 4 அடி 11 அங்குலம். வெட்டுகிற, பிசைகிற வேலைக்குத் திட்டு முழங்கையில் இருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி முழங்கையை அளந்தேன், 37 அங்குலம். அப்படியென்றால் திட்டு 31இல் இருந்து 33 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பது வருடமாக அவர் தோளைத் தூக்கிக்கொண்டு மரக்கறி வெட்டியிருக்கிறார், தோள்மூட்டு உளைவு வயதால் வருகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். திட்டை இடிக்கக் காசில்லை. யன்னலுக்குக் கீழே 32 அங்குலத்தில் ஒரு வேப்பம்பலகை மேசை செய்வித்தோம். மேசன் அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆரும் அளவு கேட்டதில்லை பிள்ளை, நானும் ஆரையும் கேட்டதில்லை" என்றார். இப்போது அவர் போகிற வீடுகளில் குசினித் திட்டுக்கு முன்னால் வீட்டுக்கார அம்மாவின் முழங்கையைக் கேட்கிறார்.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்தது ஆறாவது பகுதி. ஒரு அறைக்குள் வந்ததும் கண் முதலில் போய் நிற்கிற இடம் ஒன்று வேண்டும், தளபாடங்களை அதை நோக்கி வையுங்கள் என்று பாடம். உதாரணமாகக் காட்டிய எல்லா அறையிலும் அது நெருப்பு மூட்டுகிற கணப்பு. எங்கள் ஹோலில் கண் முதலில் போய் நிற்பது அப்பாவின் படம். மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்ப் எரிய, கதவுக்கு நேர் எதிரே. வன்னியில் எத்தனை வீட்டுக்குள் போனாலும் அந்தச் சுவரில் அப்படி ஒரு படம் இருக்கும், சில வீட்டில் மூன்று, நான்கு. நான் முதலில் கீறிய வரைபடத்தில் அந்தச் சுவருக்கு ஒரு கண்ணாடியும் செடியும் போட்டிருந்தேன். அதை அம்மாவுக்குக் காட்டவே எனக்கு முடியவில்லை, கிழித்துவிட்டேன். பிறகு அந்தச் சுவரை அப்படியே வைத்து, மற்ற மூன்று சுவரையும் அமைதியான சுண்ணாம்பு வெள்ளைக்குக் கொண்டுவந்து, படத்துச் சுவருக்கு மட்டும் ஒரு மெல்லிய மண்நிறம் அடித்து, சிவப்பு பல்ப்பின் வயர் தொங்குவதைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்து, படத்தைக் கதிரையில் இருக்கிறவரின் கண் மட்டத்துக்கு இறக்கினேன். முன்னர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அம்மா பின்னேரங்களில் இப்போது அதற்கு எதிரேதான் இருந்து சுளகில் அரிசி பார்க்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு அக்கா தன் ஹோலையும் பார்த்துத் தரச் சொன்னார். அங்கேயும் படம் இருந்தது, மகனுடையது. மாலை இல்லை. 2009இல் காணாமல் போன பிள்ளை, தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தின் கீழே நான் விளக்கு வைக்கிற தட்டு ஒன்றைப் போட்டுக் கீறிக் கொண்டுபோயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு அடைக்கிறது. கீறுவதற்கு முன்னால் கேட்டதால் தப்பினேன். அவருக்கு வேண்டியது வேறு. மகனின் சைக்கிள் ஹோலுக்குள்ளேயே நிற்க வேண்டும், ஆனால் போய் வருகிறவர்களின் காலில் அடிபடக்கூடாது. அதைச் சுவரோடு நிற்கிற மாதிரி, நடக்க மூன்று அடி விட்டு, வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் நாட்டில் இப்படிக் கேட்டு வேலை செய்த ஒருவர் இருந்திருக்கிறார் என்பதைப் பாடத்தில் இருந்து அல்ல, நானாகத் தேடித்தான் அறிந்தேன். மினெற் டி சில்வா, கண்டிக்காரர், 1918இல் பிறந்தவர், கட்டடக்கலை படித்த முதல் இலங்கைப் பெண். 1950களில் கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் செய்தபோது, குடிவரப் போகிறவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, குடும்பத்தில் எத்தனை பேர், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டபிறகே வீட்டைக் கீறியிருக்கிறார். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவை எல்லோருக்கும் தெரியும், இவரை என் வகுப்புத் தோழிகள் ஒருவருக்கும் தெரியாது. நானும் ஒரு கேள்வித்தாள் தமிழில் செய்து வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். சாமி எங்கே, யார் எத்தனை மணிக்கு எழும்புவார்கள், யாருக்குக் கால் ஏலாது, ஆட்கள் வந்தால் எங்கே இருப்பார்கள், எந்தப் பொருளை அசைக்கக்கூடாது. கடைசிக் கேள்வி அதுதான், அதற்குத்தான் நீளமான பதில் வரும்.

மென்பொருள் எது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்கெச்சப்பின் இலவசப் பதிப்பு நன்றாக இருக்கும், ஆனால் உலாவியில் ஓடுவதால் எங்கள் சிக்னலுக்குச் சரிவராது. சுவீற் ஹோம் 3டி இலவசம், ஒருதரம் இறக்கினால் இணையம் இல்லாமலே வேலை செய்யும், பழைய லப்டொப்புக்கும் பாரமில்லை. நான் அதைத்தான் பாவிக்கிறேன். எதுவாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் கையால் கீறுங்கள். சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை: அங்கீகரிக்கப்பட்டது என்று எல்லா விளம்பரத்திலும் போட்டிருக்கும், யார் அங்கீகரித்தது என்று கேளுங்கள். இந்த டிப்ளோமாவால் நான் கட்டடக்கலைஞர் ஆகிவிடவில்லை, சுவரை இடிக்கவோ தூணை நகர்த்தவோ சொல்கிற தகுதி எனக்கு இல்லை, அப்படிக் கேட்டு வருகிறவர்களை நான் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் அனுப்புகிறேன்.

இப்போது பதினொரு பகுதி முடிந்துவிட்டது. தவணைக் காசுக்காக இடையில் ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்ததால் இவ்வளவு காலம். கடைசிப் பகுதிக்கு ஒரு பொது இடத்தை எடுத்துச் செய்ய வேண்டும், நான் எங்கள் ஊர் முன்பள்ளியைக் கேட்டேன். ஆசிரியை அக்கா சனிக்கிழமை திறப்புத் தந்தார். ஒரே மண்டபம், 20 அடிக்கு 30 அடி, சுவரில் எழுத்துகளும் மிருகங்களும் பெரியவர்களின் கண்மட்டத்தில் ஒட்டியிருந்தன. அளந்துகொண்டு வரும்போது யன்னலுக்கு வந்தேன். கீழ்விளிம்பு நிலத்தில் இருந்து 3 அடி 6 அங்குலம். நான் நின்று பார்த்தால் வயலும், அதற்கு அங்கால் குளக்கட்டும், கட்டில் நிற்கிற மருதமரங்களும் தெரிகின்றன. கொப்பியில் இலக்கத்தை எழுதிவிட்டு, முழங்காலில் இருந்து, நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குத் தலையைப் பதித்துப் பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது.

யன்னலை இறக்க முடியாது, அது எனது வேலையும் இல்லை. அதன் கீழே நீளமாக ஒரு குந்து கட்டலாமா, பிள்ளைகள் ஏறி நின்றால் விழாமல் இருக்க எவ்வளவு அகலம் வேண்டும், கம்பி இடைவெளி எவ்வளவு என்று இரண்டு நாளாகக் கீறிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை பள்ளி தொடங்க முன்னம் போய்ப் பிள்ளைகளின் உயரத்தை ஒவ்வொன்றாக அளக்க அக்காவிடம் கேட்டிருக்கிறேன். பதினேழு பிள்ளைகள்.